குறியீடு தீர்ப்பு ஆகாது

நோயாளி தனக்கு நோவது இன்ன இடம் என்று சொல்லுவான். அந்நோவின் காரணத்தைக் கண்டறிதல் வைத்தியரின் கடன். நோவு சொன்ன இடத்தையே நோயின் இடமாகக் கொள்ளும் வைத்தியரிடம் எவரும் இருமுறை செல்லார். ஆயின், இக்கால மோட்டார் வண்டிகளைத் திருத்தும் தொழிலில் இத்தவறு நாள்தோறும் நிகழ்கின்றது. வண்டி தன் நோவை ஒரு குறியீடாகச் சொல்லுகின்றது. திருத்துவோர் பலர் அக்குறியீட்டிற் பெயர் சுட்டப்பட்ட பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, பெரும்பொருள் கொடுத்து வேறொன்றை வாங்கி மாட்டுகின்றனர். பொருள் போகின்றது, நோய் போகவில்லை. இவ்வழக்கம் மாறவேண்டும் என்பதையும், அதனை மாற்றுவதற்கு எமது கல்லூரி செய்யத்தக்க பணியொன்று உண்டு என்பதையும் இவ்விழா மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

தமிழாசிரியருக்கு மோட்டார் வண்டியில் என்ன அலுவல் என்று வினவுவார் உளராகலாம். வினா நியாயமானதே. நாம் ஈண்டுப் பேசப் புகுந்த பிழை கையாற் செய்த வேலையிற் பிறந்த பிழையன்று. ஒரு வாக்கியத்தைத் தவறாக வாசித்தலினாற் பிறந்த பிழை. வாசிப்பைக் கற்பித்தல் எமது தொழிலாதலின், இதிற் பேச எமக்கும் சிறிது உரிமை உண்டு என்று கருதுகின்றோம்.

முதற்கண் வண்டியினுள் நடக்கும் பேச்சைப் பற்றிச் சில சொல்லல் வேண்டும். முற்காலத்து வண்டிகளில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வோர் ஆளிக்கும் தனித்தனி வயர் ஓடியது. பின்னர், எஞ்சினுக்கு ஒன்று, பிறேக்குக்கு ஒன்று, ஸ்ரியறிங்குக்கு ஒன்று, காற்றுப்பைக்கு ஒன்று எனச் சிறு கணினிப் பெட்டிகள் வந்து சேர்ந்தன. கராச்சுகளில் இவற்றை ஈ.சி.யூ. என்பர், நாம் கட்டுப்பாட்டுப் பெட்டி என்போம். ஒரு பெட்டி அறிந்த செய்தி மற்றப் பெட்டிகளுக்கும் வேண்டியதாயிற்று. சில்லு சுழலும் வேகத்தைப் பிறேக்குப் பெட்டி அறியும். அதே வேகம் டாஷ்போட்டுக்கும் வேண்டும், ஸ்ரியறிங்குக்கும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி வயர் இழுப்பின் வண்டி வயர்க்கட்டுகளைச் சுமக்கும் வண்டியாகிவிடும்.

இவ்விடருக்கு வழிகாண ஜேர்மனியின் பொஷ் நிறுவனத்தார் 1983 ஆம் ஆண்டில் முயற்சி தொடங்கினர். 1986 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவின் டெற்றோயிற் நகரில் நடைபெற்ற மோட்டார்ப் பொறியியலாளர் மாநாட்டில் தம் முறையை வெளியிட்டனர். 1990களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் அது இடம்பெற்றது. 1993 இல் ஐ.எஸ்.ஓ. 11898 என்னும் அனைத்துலக நியமமாயிற்று. அமெரிக்காவில் 2008 ஆம் மாதிரியாண்டு முதலாக விற்கப்படும் கார்கள் யாவும் பழுதறியும் கருவியுடன் இம்முறையிலேயே பேசுதல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அம்முறைக்குப் பெயர் கான் என்பது. தமிழிற் கான் என்பது காட்டுக்குப் பெயர். எம்மவர் பேச்சிலோ வீதியோர வடிகாலுக்குப் பெயர். வழி தெரியாது உள்ளே புகுந்தவருக்கு இதுவும் காடாகின்றது. அவர் கொண்டுவந்த காசோ வடிகாலிற் போகின்றது.

கான் முறையிற் பெட்டிகள் யாவும் முறுக்கிய ஒரே சோடி வயரில் இணைக்கப்பட்டிருக்கும். ஒன்றைக் கான் ஹை என்றும், மற்றதைக் கான் லோ என்றும் வழங்குவர். அதிவேகக் கான் முறையில் எவரும் பேசாதபோது இரண்டிலும் சுமார் 2.5 வோல்ற்று நிற்கும். ஒருவர் பேசும்போது ஒன்று 3.5 வோல்ற்றளவிற்கு உயர, மற்றது 1.5 வோல்ற்றளவிற்குத் தாழும். கேட்போர் இவ்விரண்டின் வேறுபாட்டையே கேட்கின்றனர். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரு வயர்களையும் ஒருங்கே தாக்குவதால் வேறுபாடு கெடாது நிற்கும். வயரின் இரு முனைகளிலும் 120 ஓம் கொண்ட தடையி ஒவ்வொன்று உண்டு. வெறும் மண்டபத்தில் எழும் எதிரொலிபோலச் செய்தி முனையில் மோதித் திரும்பாதபடி இவை அதனை அடக்குகின்றன.

இவ்வவையின் ஒழுக்கம் வியக்கத்தக்கது. இருவர் ஒரே கணத்திற் பேசத் தொடங்கின், முதன்மை குறைந்த செய்தியை உடையவர் தாமே நிறுத்திவிடுவர்; முதன்மை கூடிய செய்தி ஒரு சொல்லும் சிதையாது முடியும்; நிறுத்தியவர் பின்னர்த் தொடங்குவர். பேசியவரின் செய்தி பிழையின்றி வந்தது என்பதற்குக் கேட்டவர் ஒருவரேனும் அடையாளம் காட்டுதல் வேண்டும். ஒவ்வொரு பெட்டியும் தன் பிழைகளைத் தானே எண்ணிக் கணக்கு வைத்துக்கொள்ளும். செய்தி அனுப்புகையிற் பிழை நேர்ந்தாற் கணக்கில் 8 ஏறும். செவ்வனே அனுப்பினால் 1 இறங்கும். கணக்கு 255 ஐத் தாண்டின் அப்பெட்டி பிறருக்கு இடையூறு செய்யாவண்ணம் தானே அவையை விட்டு விலகிவிடும். ஆதலின் ஒரு பெட்டி மௌனமாய் இருப்பதனால் மட்டும் அது செத்துவிட்டது என்று துணிதல் கூடாது. வயரிலுள்ள கேட்டினால் அது விலகி நிற்றலும் கூடும்.

இனிக் குறியீட்டுக்கு வருவோம். பெட்டிகளுக்கு இடையிலான தொடர்பு அறும்போது பதியப்படும் குறியீடுகள் யூ என்னும் எழுத்திலே தொடங்கும். யூ 0100 என்பது எஞ்சின் பெட்டியுடன் தொடர்பு அற்றது என்பதனைக் குறிக்கும். யூ 0121 என்பது ஏ.பி.எஸ். பிறேக்குப் பெட்டியுடன் தொடர்பு அற்றது என்பதனைக் குறிக்கும். ஸ்கானர் என்னும் கருவியைச் செருகியவுடன் இவ்வாக்கியம் திரையில் தோன்றும். கண்டவர், "ஏ.பி.எஸ். பெட்டி பழுது" என்று உரை சொல்லிவிடுகின்றனர்.

மாணவர்களே, இவ்வாக்கியத்தைச் சற்றே நிதானித்து வாசியுங்கள். "ஏ.பி.எஸ். பெட்டியுடன் தொடர்பு அற்றது" என்பதில் எழுவாய் யாது? தொடர்பு என்பதே எழுவாய். அற்றது என்பது பயனிலை. ஏ.பி.எஸ். பெட்டியோ உடன் என்னும் மூன்றாம் வேற்றுமைச் சொல்லுருபை ஏற்று நிற்கின்றது. தொடர்பு என்பது இருவருக்கு இடையே உள்ளதாதலின், அற்றது எவர் பக்கத்தில் என்று வாக்கியம் சொல்லவில்லை. மேலும், அகப்பாட்டு ஒன்றை வகுப்பில் எடுக்கும்போது நாம் முதலில் வினவுவது, இது யார் கூற்று என்பதன்றோ? தலைவி கூற்றைத் தோழி கூற்றாகக் கொண்டாற் பாட்டின் பொருளே திரிந்துவிடும். இங்கும் அவ்வினாவே முதல் வினா. ஏ.பி.எஸ். பெட்டியைப் பற்றி முறையிடுவது எஞ்சின் பெட்டியா, டாஷ்போட்டா, ஸ்ரியறிங் பெட்டியா? முறையிடுபவர் சாட்சி, முறையிடப்பட்டவர் குற்றஞ்சாட்டப்பட்டவர். தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை.

ஆகவே வண்டியிலுள்ள பெட்டிகள் எல்லாவற்றினதும் குறியீடுகளை வாசித்து, யார் யாரைப் பற்றி முறையிடுகின்றார் என்று ஒரு தாளில் எழுதுதல் முதற் பணியாகும். எல்லாரும் ஒருவரைப் பற்றியே முறையிடின், அப்பெட்டியையோ, அதற்கு வரும் மின்னையோ, அதற்குச் செல்லும் கிளை வயரையோ ஐயுறலாம். ஒருவர் மட்டும் எல்லாரைப் பற்றியும் முறையிடின், அவருடைய சொந்த இணைப்பையே நோக்குதல் வேண்டும். எல்லாரும் எல்லாரைப் பற்றியும் முறையிடின், பொதுவான வயரிலோ, அவ்வயரைப் பிறர் பேசவொட்டாது பிடித்திருக்கும் ஒரு பெட்டியிலோ கேடு இருத்தல் கூடும். இம்மூன்று விதிகளுக்கும் பெருங்கருவி ஒன்றும் வேண்டா. தாளும் பென்சிலும் பொறுமையுமே வேண்டும்.

அடுத்து அளவை. வலுக்குன்றிய பற்றறி, எஞ்சினைக் கிளப்பும் கணத்தில் மின்னழுத்தம் வீழ்ந்து, பெட்டிகள் பல ஒருங்கே வாயடைத்துப் போகச் செய்யும். ஆதலின் பற்றறியை முதலில் அளத்தல் வேண்டும். அதன்பின், ஐயத்துக்குரிய பெட்டியின் உருகி, மின் வரும் வயர், எர்த்து வயர் ஆகியவற்றை அப்பெட்டி வேலை செய்யும்போதே சோதித்தல் வேண்டும். வேலையின்றி நிற்கும்போது நல்லதாகத் தோன்றும் எர்த்து வயர், மின்னோட்டம் பாயும்போது தன் குறையைக் காட்டும். இவ்விரண்டையும் சோதிக்காது பெட்டியைக் குறை கூறுதல், சோறிடாதவன் வேலையாளைச் சோம்பேறி என்பதை ஒக்கும்.

பின்னரே கான் வயர்களைச் சோதித்தல் முறை. டாஷ்போட்டின் கீழ் 16 துளைகள் கொண்ட ஒரு செருகிடம் உண்டு. அதன் 6 ஆம் துளை கான் ஹை. 14 ஆம் துளை கான் லோ. பற்றறியைக் கழற்றிச் சிறிது நேரம் பொறுத்து, இவ்விரண்டிற்கும் இடையே பல்மானியால் தடையை அளந்தால் சுமார் 60 ஓம் காட்டுதல் வேண்டும். ஏன் 60? 120 ஓம் கொண்ட இரு தடையிகள் சமாந்தரமாக இணைந்தால் 60 ஓம் ஆகும் என்பது விஞ்ஞான வகுப்பிற் கற்ற பாடம். 120 காட்டினால் ஒரு முனையின் தடையி இணைப்பில் இல்லை, அல்லது நடுவே வயர் அறுந்தது. பூச்சியத்தை அண்மினால் இரு வயர்களும் ஒன்றையொன்று தொட்டுக் குறுஞ்சுற்றாயின. சுமார் 40 காட்டினால் வேண்டாத மூன்றாவது தடையி ஒன்று எங்கோ சேர்ந்துள்ளது. குறுஞ்சுற்றாயினும், ஓயாது கத்தும் பெட்டியாயினும், பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க, எதனைக் கழற்றியதும் மற்றவை பேசத் தொடங்குகின்றனவோ அதனிடமோ அதன் கிளை வயரிலோ கேடு உண்டு எனத் துணியலாம்.

இங்கு எச்சரிக்கை மூன்று. முதலாவது, 60 ஓம் வந்தமை எல்லாம் நலம் என்பதற்குச் சான்றாகாது; நிலத்தோடு குறுஞ்சுற்றான வயரும் 60 காட்டக்கூடும். அதற்கு வோல்ற்றளவையும், இயலுமாயின் அலைவுகாட்டியையும் நாடுதல் வேண்டும். இரண்டாவது, அண்மைக்கால வண்டிகள் பலவற்றில் வாயில்காப்போன் போன்ற ஒரு பெட்டி செருகிடத்துக்கும் உள்வயர்களுக்கும் இடையே நிற்கும். செருகிடத்தில் அளந்தது உள்ளேயுள்ள வயருக்குப் பொருந்தாது. ஆகவே அவ்வண்டிக்குரிய வயர் வரைபடத்தைப் பாராது முடிவு செய்தல் ஆகாது. மூன்றாவது, ஹைபிறிட் வண்டிகளிற் செம்மஞ்சள் நிற உறையிட்ட வயர்களில் உயிரைக் கொல்லும் மின்னழுத்தம் உண்டு. பயிற்சி பெறாதவர் அவற்றைத் தீண்டவே கூடாது.

இப்பொருள் இன்று எமது நாட்டில் முன்னரிலும் முக்கியமானதாகிவிட்டது. 2020 ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எம்மவர் உள்ள வண்டிகளையே காத்து ஓட்டினர். யப்பானிலிருந்து வந்த ஹைபிறிட் வண்டிகள் பல இவ்வாறு முதுமை எய்தின. பெட்டிகள் கெடுமுன்னர் இணைப்புகள் கெடுகின்றன. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றினாற் செம்பிலே களிம்பு ஏறுகின்றது. எலி வயரைக் கடிக்கின்றது. பின்னர் பூட்டிய அபாயமணிக்கும் மேலதிக விளக்குக்கும் கண்ட இடத்தில் வயரை வெட்டி ஒட்டியிருக்கின்றனர். இவை எவையும் ஸ்கானரின் திரையிற் பெயர் பெறுவதில்லை. திரையிற் பெயர் பெறுவது பெட்டி ஒன்றே.

நாம் அறிந்த ஆசிரியர் ஒருவரின் காரில் ஏ.பி.எஸ். விளக்கும் ஸ்ரியறிங் விளக்கும் ஒருங்கே எரிந்தன. காட்டிய இடத்தில் ஏ.பி.எஸ். பெட்டி பழுதென்று சொல்லி, பழைய வண்டியிற் கழற்றிய பெட்டியொன்றை மாட்டினர். அதற்கு அவர் கொடுத்த பணம் மூன்று மாதச் சம்பளத்துக்குக் குறைந்ததன்று. அதற்காக மகளின் வகுப்புக்கட்டணத்தைப் பிற்போட்டார். சில நாளில் விளக்குகள் மீண்டும் எரிந்தன. பின்னர் ஓர் இளைஞர், பெட்டியைத் தொடாமலே, எர்த்து வயர் உடலோடு பொருந்தும் போல்ற்றைக் கழற்றித் துருவைச் சுரண்டி மீண்டும் இறுக்கினார். அவ்வளவே வேலை. இளைஞர் செய்தது மந்திரமன்று. பெட்டி வேலை செய்யும்போது எர்த்து வயரின் இரு முனைகளுக்கிடையே வோல்ற்றை அளந்தார். இருக்கவேண்டியதினும் மிகுதியாக இருந்தது. பல்மானி ஒன்றே அவருடைய கருவி.

எமது கருத்துக்கு மறுப்புச் சொல்வாரும் உளர். விலையுயர்ந்த ஸ்கானர் வாங்கினாற் போதாதா என்பர் ஒருசாரார். ஸ்கானர், பெட்டிகள் சொல்வதைக் கேட்டுச் சொல்லும். சொல்ல முடியாது மௌனமாய் நிற்பதைப் பற்றி அதனால் அதிகம் சொல்ல இயலாது. இவ்வகைப் பழுதின் இயல்போ மௌனம். கராச்சில் இவ்வளவு சோதனைக்கு நேரமேது என்பர் மற்றொரு சாரார். அவர் நிலையையும் நாம் உணர்கின்றோம். வண்டிக்காரர் மாலைக்குள் வண்டி வேண்டும் என்கின்றார். மாட்டிய பெட்டிக்குப் பணம் கொடுப்பவர், தேடிய நேரத்துக்குப் பணம் கொடுக்க முகம் சுளிக்கின்றார். இதிற் குற்றம் எம்மைப் போன்ற வண்டிக்காரரையும் சாரும். வைத்தியரின் நாடி பார்க்கும் அறிவுக்குக் காசு கொடுக்கும் நாம், திருத்துவோரின் ஆராயும் அறிவுக்கும் மனமுவந்து கொடுத்தல் வேண்டும். பெட்டியே கெட்டுவிடுதலும் உண்டே என்பாருக்கு, உண்டு என்பதே எமது விடை. மின்னும் எர்த்தும் வயரும் நல்லன என்று அளந்து காட்டிய பின்னர்ப் பெட்டியை மாற்றுக. அப்போதும் பழைய பெட்டியை வாங்குவோர், அது இவ்வண்டிக்கு ஏற்பப் பதிவு செய்யப்படவேண்டியதா என்று அறிந்து வாங்குக.

இனிக் கல்லூரி செய்யத்தக்க பணி. க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பத் துறை 2013 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. எமது மாணவருட் பலர் அத்துறையை நாடுகின்றனர். பள்ளியை விட்டு நேரே கராச்சுக்குச் செல்வாரும் உளர். இவர்களுக்கு ஒரு பயிற்சி மேசை வேண்டும். கழித்துவிடப்பட்ட வண்டி ஒன்றின் டாஷ்போட்டும், இரண்டு மூன்று பெட்டிகளும், வயர்க்கட்டும், ஒரு பற்றறியும், 120 ஓம் தடையிகள் இரண்டும், பல்மானிகள் சிலவும், அலைவுகாட்டி ஒன்றும் போதும். ஆசிரியர் மறைவிலுள்ள ஓர் ஆளியால் வயரை அறுப்பார். மற்றோர் ஆளியால் எர்த்தைக் கெடுப்பார். மாணவர் கண்டுபிடித்தல் மட்டும் போதாது. யார் கூற்று, யாரைப் பற்றியது, எதனை அளந்தேன், அளவு யாது, ஆதலின் துணிவு யாது என்று ஐந்து வரியிலே தமிழில் எழுதித் தருதல் வேண்டும். எழுதத் தெரியாதவன் ஊகித்துக் கண்டிருப்பான். எழுதியவன் ஆராய்ந்து கண்டிருப்பான். வயர் வரைபடங்கள் ஆங்கிலத்தில் இருத்தலின் அம்மொழிச் சொற்களையும் உடன் கற்பித்தல் வேண்டும். விளங்குதற்குத் தமிழும், வரைபடம் வாசித்தற்கு ஆங்கிலமும் அவனுக்கு இரு கைகளாகும். பௌதிக ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒருங்கிருந்து இதற்கென எட்டுப் பக்கக் கைந்நூல் ஒன்றை எழுதலாம். அப்பணியில் எமது பங்கை இப்போதே ஏற்றுக்கொள்கின்றோம்.

பழைய மாணவராகிய பெரியோர்களே, உங்களிற் பலர் வண்டி உடையவர், சிலர் கராச்சு உடையவர், சிலர் பொறியியலாளர், வெளிநாடுகளில் வாழ்வார் பலர். விழா ஆண்டில் வாயில் வளைவும் கல்வெட்டும் அமைத்தல் நன்றே. அவற்றோடு இப்பயிற்சி மேசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய வயர்க்கட்டும் கழற்றிய பெட்டிகளும் வைத்திருப்போர் கொடுத்துதவுக. தொழில் தெரிந்தோர் மாதத்தில் ஒரு சனிக்கிழமையேனும் வந்து மாணவரோடு நிற்க. இவ்வாண்டு முடியுமுன் அம்மேசை எமது ஆய்வுகூடத்தில் நிற்குமாயின், அடுத்த ஆண்டில் எமது மாணவன் ஒருவன் ஏதோ ஒரு கராச்சில் எவருடைய வண்டியையோ திறந்துவைத்து, பெட்டியைக் கழற்றுமுன் பல்மானியை எடுப்பான். அவ்வண்டிக்காரரின் வீட்டிற் பிள்ளையின் வகுப்புக்கட்டணம் உரிய காலத்திற் கட்டப்படும்.